ஏரிக்கு நடுவே ஒரு கோடு

அந்த ஏரியின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் யாராவது சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மாடம்பாக்கத்துக்கும் வண்டலூர் காட்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நடுவே வழி போட்டவர் பெயரையும் சொல்லப்போவதில்லை. அச்சில் தன் பெயரைப் பார்த்தால், இதைப் படித்துவிட்டு யார் எங்கே போய் விழப்போகிறார்களோ என்று அதற்கும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிற மனிதர். நாங்கள் அவரை அண்ணா என்றுதான் கூப்பிட்டோம்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சைக்கிள் கூட்டம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தார் ரோட்டை விட்டு இறங்கி, மண் பாதையாகத் தேடித் தேடி ஓட்டுகிற கூட்டம். அதற்கென்றே கிராவல் பைக் என்று ஒரு சைக்கிள் வந்திருக்கிறது. ஹேண்டில் ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்திருக்கும், டயர் மட்டும் தடியாக இருக்கும். சரளைக்கல், செம்மண், ஏரிக்கரை எதிலும் போகும். சிறுசேரிக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்ப் போய் இடுப்பு பிடித்துக்கொண்டதால் டாக்டர் சொல்லி நான் அதில் சேர்ந்தேன். எங்கே ஏரிக்கரை உடையாமல் இருக்கிறது, எந்தப் பூங்காவின் பின்கதவு காலையில் திறந்திருக்கும், காட்டு வேலியை ஒட்டி எது வரைக்கும் போகலாம், எங்கே போனால் வனக்காவலர் திட்டுவார் என்றெல்லாம் கண்டுபிடித்துச் சொல்கிறவர் அண்ணா.

சரக்கு ரயில் ஓட்டிவிட்டு, பணிக்காலம் முடியும் முன்பே ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர். ஒல்லியான ஆள். முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரைக்கும் பொத்தான் போட்டுத்தான் சைக்கிளில் ஏறுவார். முதுகில் ஒரு பை. அதற்குள் டியூப், மஞ்சள்தூள், எலுமிச்சம்பழம், யாருக்காவது செருப்பு அறுந்தால் கொடுக்க ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. அவர் பையில் இல்லாதது ஆம்புலன்ஸ் ஒன்றுதான் என்று நாங்கள் கேலி செய்வோம். அவர் சிரிக்கமாட்டார். ஆம்புலன்ஸ் அந்தப் பாதைக்குள் எது வரைக்கும் வரும் என்று உண்மையாகவே பார்த்து வைத்திருப்பார்.

அவர் முன்னால் போவார். வழியில் எதைப் பார்த்தாலும் உரக்கச் சொல்லுவார். ரயில் எஞ்சினில் இரண்டு பேர் உட்கார்ந்து சிக்னலைப் பார்த்ததும் ஒருவர் சொல்ல, மற்றவர் திருப்பிச் சொல்வார்களாம். அந்தப் பழக்கம். "கல்லு!" என்பார். அடுத்தவர் "கல்லு!" என்று சொல்லவேண்டும், அவருக்குப் பின்னால் இருப்பவரும் சொல்லவேண்டும். கடைசி ஆளின் குரல் வராவிட்டால் சைக்கிளை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். எங்களுக்கு வாய் வலிக்கும். ஒருமுறை ஒரு காலனிப் பூங்காவை ஒட்டிப் போகும்போது அவர் "எருமை!" என்று கத்த, நாங்கள் வரிசையாக "எருமை, எருமை" என்று சொல்லிக்கொண்டே போனோம். வாக்கிங் வந்திருந்த பெரியவர் ஒருவர் எங்களை மறித்துக்கொண்டு, "யாரைப் பாத்து எருமைங்கறீங்க?" என்று பிடித்துக்கொண்டார். எருமை என்னவோ நிஜமாகவே அவருக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தது. அண்ணா அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, எருமையை ஓட்டிவிட்டு, அவர் பூங்காவுக்குள் போய்ச் சேருகிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

என் வீட்டுக்காரருக்கு அவரைக் கண்டாலே சிரிப்பு. "பயத்துக்கு ரெண்டு சக்கரம் வெச்சா உங்க அண்ணாதான்" என்பார். எனக்குக் கோபம் வரும். ஆனால் பயந்த ஆள்தான். கூடப் பழகப் பழகத்தான் புரிந்தது, அந்தப் பயத்தில் அவருக்கென்று ஒன்றுமே கிடையாது. தனியாகப் போகும்போது முள்ளுக்குள்ளும் பள்ளத்துக்குள்ளும் கண்ணை மூடிக்கொண்டு இறங்குவார். முழங்கால் முழுக்கத் தழும்பு. தனக்குப் பின்னால் ஒருவர் வருகிறார் என்றால் போதும், சின்னக் கல்லுக்கும் பிரேக் பிடிப்பார்.

ஒரு புதுப் பாதையில் எங்களைக் கூட்டிப்போகும் முன் அவர் மட்டும் இருமுறை போய்வருவார். ஏன் என்று கேட்டேன்.

"மொத தடவ எனக்கும்மா. பாக்கணும்னு ஆசை, போறேன். ரெண்டாவது தடவ உங்களுக்கு. நீ இன்னா பாப்ப, எங்க பிரேக் புடிப்பன்னு யோசிச்சிகினே போவணும்."

இரண்டாவது முறை போகும்போது சின்ன அரிவாள் ஒன்று கொண்டுபோய், முகத்தில் அடிக்கிற உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கருவேல முள்ளை வெட்டிப்போட்டு வருவார். ஏரிக்கரையில் குடித்துவிட்டு உடைத்துப்போட்ட பாட்டில் துண்டுகளைப் பொறுக்கி ஒரு கோணிப்பையில் கட்டி எடுத்து வருவார்.

ரயிலைப் பற்றி அவர் பேசுவதே இல்லை. ஒரே ஒரு தரம், டீக்கடையில் யாரோ துருவித் துருவிக் கேட்டபோது சொன்னார். "பிரேக் புடிச்சிட்டோம்னு வெச்சிக்க. அதுக்கப்புறமும் வண்டி போய்கினேதான் கீது. எதுக்கால நிக்கிறவன் மூஞ்சி நல்லா தெரியும். நம்ம கையில ஒண்ணும் இல்ல." அவ்வளவுதான். டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்துபோய் எல்லோருடைய டயரிலும் காற்றை அமுக்கிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஃபோனில் ஒரு ஆப் வந்து சேர்ந்தது. சைக்கிளில் போகப் போக, நாம் போன வழியை அது வரைபடத்தில் கோடாகப் போட்டுக்கொள்ளும். அந்தக் கோட்டை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு, அதன்மேலேயே போகலாம். நாங்கள்தான் வற்புறுத்தி அவர் கோடுகளை எல்லோரும் பார்க்கும்படி போடவைத்தோம். முடிச்சூர், பெருங்களத்தூர், கேளம்பாக்கம் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டு போனார்கள், புகழ்ந்து எழுதினார்கள். வேறு யாராவதாக இருந்தால் தலைகால் புரியாமல் ஆடியிருப்பார்கள். அண்ணா இளைத்துப்போனார்.

"மொகம் தெரியாதவன் என் பின்னாடி வரான்மா. அவன் கிட்ட நான் எப்டி சொல்றது, அங்க கல்வெட்டு ஒடஞ்சி கீதுன்னு?"

கல்வெட்டு என்றால் பாதைக்குக் குறுக்கே வாய்க்கால் ஓடும் சின்னப் பாலம். அப்படி ஒன்றில் முடிச்சூர்க்காரர் ஒருவர் விழுந்து தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டார். செய்தி தெரிந்ததும் அண்ணா ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போய்விட்டார். அந்த மனிதர் இவரை இன்ஷூரன்ஸ் ஆள் என்று நினைத்து, எங்கே எப்படி விழுந்தேன் என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தாராம். இவர் முழுவதையும் கேட்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டு, நேராக அந்தக் கல்வெட்டுக்குப் போய் இரண்டு பக்கமும் சுண்ணாம்பு அடித்துவிட்டு வந்தார்.

ஏரிக்கு நடுவே கோடு போட்டது ஒரு கோடையில். அவர் போட்டதிலேயே பத்திரமான வழி அதுதான். அதுவரைக்கும் நாங்கள் அந்தப் பக்கம் போகவேண்டுமென்றால் டிப்பர் லாரிகள் ஓடும் ரோட்டில் கொஞ்ச தூரம் போகவேண்டியிருந்தது. அந்த லாரிகளை நினைத்து அவர் சனிக்கிழமை இரவெல்லாம் தூங்கமாட்டார். ஏரி வற்றியதும், மாடுகள் நடந்து போட்ட தடத்தைப் பார்த்தார். மண் எடுத்த குழிகள் அங்கங்கே ஆள் முழுகும் ஆழத்துக்கு இருந்தன. அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து ஒரு பாதை அகப்பட்டது. அன்றைக்குத்தான் அவர் முகத்தில் நிம்மதி என்று ஒன்றைப் பார்த்தேன். வெடித்த தரையில் சைக்கிள்கள் தடதடக்க, ஏரியின் நடுவில் நின்று எல்லோருக்கும் மோர் ஊற்றிக் கொடுத்தார். லாரி இல்லாத வழி என்று ஊரே அந்தக் கோட்டைக் கொண்டாடியது.

ஐப்பசி பிறந்ததும், மழைக்காலம் முடிகிறவரைக்கும் யாரும் எங்கேயும் போகக்கூடாது என்று அண்ணா குழுவில் சொல்லிவிடுவார். அந்த வருஷமும் சொன்னார். என் வீட்டுக்காரர் எங்கள் குழுவில் இல்லை. ஆனால் தீபாவளிக்கு அவரும் ஒரு கிராவல் பைக் வாங்கியிருந்தார். அதை மழைக்காலம் பூராவும் பால்கனியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கவா முடியும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று நாள் மழை விட்டு வெயில் எட்டிப்பார்த்தது. எனக்குக் காய்ச்சல். படுத்திருந்தேன்.

"உங்க அண்ணா ரூட்லயே ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறேன். ஏரி ரூட். ஃபோன்ல வழி இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

காய்ச்சல் மயக்கத்தில் நான் சரி என்றேனா, ஒன்றும் சொல்லவில்லையா, நினைவில்லை. திரும்பத் தூங்கிப்போனேன். அண்ணாவின் ஃபோன்தான் எழுப்பியது.

"கோயில் தெருவுல பால் வாங்கிகினு இருந்தேன்மா. சார் தனியா சைக்கிள்ல போனாரு. கூப்ட்டேன், காதுல விழல. வீட்டுக்கு வந்தும் மனசு கேக்கல. எங்க போறாரு?"

"ஏரி ரூட்னு சொன்னாருண்ணா."

மறுமுனையில் வண்டிச் சாவியை எடுக்கிற சத்தம் கேட்டது. "அவருக்கு ஃபோன் போடு. நான் வண்டி எடுத்துகினு வரேன்" என்றார்.

போட்டேன். தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார் என்றது. மறுபடி போட்டேன், அதுவே. நைட்டிமேல் ஒரு துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு கீழே இறங்குவதற்குள் அண்ணா மொபெட்டில் வந்து நின்றார். வழி முழுக்க அவர் பள்ளம், கல் எதையும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

ஏரி நிறைந்திருக்கவில்லை. நிறைந்திருந்தால் குழந்தைகூட இறங்காது. பரவலாகத் தண்ணீர் நின்றது, புல் நுனிகள் மேலே தெரிந்தன. கணுக்கால் அளவுதான் இருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். குழி எங்கே, தரை எங்கே என்று ஒன்றும் தெரியவில்லை. கரைச் சரிவில் தடித்த டயரின் தடம் ஒன்று புதிதாக இறங்கித் தண்ணீருக்குள் போயிருந்தது. திரும்பி வந்த தடம் இல்லை.

அண்ணா மொபெட்டுக்கு ஸ்டாண்டு போடப் பார்த்தார். ஈர மண்ணில் அது நிற்கவில்லை. வண்டியை அப்படியே சாய்த்துவிட்டார். நான் என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பெயர் சொல்லி நான் கூப்பிட்டதே கிடையாது. தூரத்தில், ஆகாயத்தாமரைக் கூட்டத்துக்கு அந்தப் பக்கம், ஒரு கை மேலே எழுந்தது.

ஒரு மண் திட்டின்மேல் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். சைக்கிளைக் காணோம். "அது உள்ள போயிடுச்சு!" என்று கத்தினார். "எந்தப் பக்கம் கால வெச்சாலும் ஆழமா இருக்கு! நான் நகரல!" அவருக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது.

"நீங்கதானேண்ணா வழி போட்டீங்க? எங்கெங்க குழின்னு சொல்லுங்க, அவரே வந்துடுவாரு" என்றேன்.

"தெரியலம்மா." கரையோரமாக இரண்டடி போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "சத்தியமா தெரியல. மழையில கரைஞ்சி எல்லாம் மாறிப்போய் கீது."

பிறகு வேலியிலிருந்து ஒரு மூங்கிலைப் பிடுங்கினார். முழுக்கைச் சட்டையின் பொத்தான்களைக் கழற்றி, கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டார். "நான் சொல்றத எல்லாம் நீ திருப்பிச் சொல்லு. மறக்காத. திரும்பி வரச்சே எனக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது. நீதான் சொல்லணும்" என்றார்.

இறங்கினார். ஒவ்வோர் அடிக்கும் மூங்கிலை ஊன்றிப் பார்த்தார்.

"சேறு!"

"சேறு!"

"எடது பக்கம் குழி!"

"இடது பக்கம் குழி!"

"பனங்கட்ட ஒண்ணு கீது, அதுக்கு வலது பக்கம் தர!"

நான் கரையில் நின்று ஒவ்வொன்றையும் கத்திச் சொல்லி, மனசுக்குள் வரிசையாக அடுக்கினேன். ஒன்று விட்டுப்போனாலும் என் புருஷன் இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. பாதி வழியில் அவர் தலை திடீரென்று இறங்கியது. மூங்கில் மட்டும் சாய்ந்து தெரிந்தது. குரல் வரவில்லை. நான் கடைசியாக அவர் சொன்னதையே திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டிருந்தேன், வேறு என்ன செய்வதென்று தெரியாமல். கொஞ்ச நேரம் கழித்து, இருமலுக்கு நடுவே, "குழி! பெரிய குழி!" என்று கேட்டது. அழுதுகொண்டே "பெரிய குழி" என்றேன்.

திட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். என் வீட்டுக்காரரின் கையைத் தன் தோள்மேல் போட்டுக்கொண்டார். திரும்பும்போது நான் கடைசியிலிருந்து முதல்வரை சொன்னேன், இடத்தை வலமாக்கி, வலத்தை இடமாக்கி. நான் சொல்ல, அந்த இரண்டு ஆண்களும் சேர்ந்து திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

கரையேறியதும் என் வீட்டுக்காரர் உட்கார்ந்துவிட்டார். அண்ணா உட்காரவில்லை. சேறு வழிய, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு அவர் முன்னால் நின்றார். "சார், அந்தக் கோடு நான் போட்டது. மன்னிச்சிக்கோங்க."

எதற்கும் பதில் வைத்திருக்கிற மனிதர் என் வீட்டுக்காரர். அன்றைக்கு அந்தக் கூப்பிய கைகளைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு, "அண்ணா" என்று மட்டும் சொன்னார். அதுவரைக்கும் எங்கள் வீட்டில் அவர் எனக்கு மட்டும்தான் அண்ணாவாக இருந்தார்.

அன்று மாலையே அண்ணா தன் கோடுகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டார். பூங்கா வழி, காட்டோர வழி, கல்வெட்டு வழி, ஒன்றுவிடாமல். அழித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஏரிக் கோட்டை எத்தனையோ பேர் எடுத்துத் தங்கள் பெயரில் போட்டு வைத்திருந்தார்கள். அவற்றை இவரால் தொட முடியாது. ஒவ்வொன்றின் கீழேயும் போய், தயவுசெய்து மழையில் போகாதீர்கள் என்று எழுதினார். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்கள். நாங்கள் புகார் கொடுத்து ஒன்றை நீக்கவைத்தால் இன்னொன்று முளைத்தது. கரையில் ஒரு பலகை எழுதி வைத்தோம். யாரோ அடுப்புக்கு எடுத்துப் போய்விட்டார்கள்.

அவர் சைக்கிளை விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டோம். அடுத்த மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, நானும் என் வீட்டுக்காரரும் ஸ்கூட்டரில் அந்தப் பக்கம் போனோம். கரையில், டயர்த்தடம் இறங்கிய அதே சரிவின் தலைப்பில், குடையைப் பிடித்துக்கொண்டு அண்ணா நின்றிருந்தார். எதிரே நாலைந்து பையன்கள், புத்தம்புது சைக்கிள்கள்.

"பெருசு, ஓரம் போ. மேப்புல வழி கீது" என்றான் ஒருவன்.

"மேப்புல கீதுப்பா. கீழ இல்ல."

"இத போட்டவன் போயிருக்கான்ல? அவன் இன்னா செத்தா போய்ட்டான்?"

"சித்திர மாசத்துல போனான். மழைன்னு ஒண்ணு வரும்னு தெரியாத அறிவு கெட்டவன். அவன நம்பாதீங்க" என்றார் அண்ணா.

அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார்கள். நாங்கள் போய்ப் பேசலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றுவிட்டு வந்துவிட்டோம். அந்த மழைக்காலம் முழுக்க ஒவ்வொரு ஞாயிறும் அவர் அங்கே நின்றார் என்று பிறகு தெரிந்தது.

இப்போது அவர் இங்கே இல்லை. முழங்கால் விட்டுப்போய், மகன் வீட்டோடு ஓசூருக்குப் போய்விட்டார். போகும்போது யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. எனக்குப் பதில் நீங்கள் போய் நில்லுங்கள் என்று கேட்கிற ஆள் இல்லை அவர். கேட்டு, நின்ற இடத்தில் நமக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

போன வாரம் விடாத மழை. ஞாயிறு காலை ஓசூரிலிருந்து ஃபோன்.

"அங்க மழையாமேம்மா. டிவியில காட்றான். ஏரிப் பக்கம்..." என்று இழுத்தார்.

"கவலைப்படாதீங்கண்ணா. இவர் போயிருக்காரு. ஐப்பசியில இருந்து ஒவ்வொரு ஞாயிறும் அவர்தான் போய் நிக்கறாரு" என்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் சந்தோஷப்படுவார் என்று காத்திருந்தேன்.

"தனியாவா?" என்றார். "கர வழுக்குமேம்மா. அவருக்கு நீச்சல் வேற தெரியாது. நீ எதுக்கும் ஒரு ஃபோன் போட்டுப் பாரேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரிண்ணா, சரிண்ணா என்று சொல்லி வைத்தேன். காபிக்குப் பால் வைத்தேன். பால் பொங்குவதற்குள் என் வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மழையில் கேட்டிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மறுபடி போட்டேன். அப்போதும் எடுக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டர் சாவியைத் தேட ஆரம்பித்தேன்.